கல்லும் ஓலையும் – 9: மணலிக்கரையிலிருந்து போன கட்டு

சென்ற வாரம் பேராசிரியர் சுந்தரம் பிள்ளையை மணலிக்கரைக் கல்வெட்டோடு விட்டுவிட்டு வந்தோம். கொல்லம் ஆண்டு 410, அதாவது கி.பி. 1235. வேணாட்டை வீர ரவி கேரளவர்மன் ஆண்ட காலம். கோதைநல்லூர்ச் சபையாரும் ஊராரும் அரசனின் ஆட்களும் ஒன்றாகக் கூடி, வரி எப்படி வாங்க வேண்டும், விளைச்சல் பொய்த்தால் எப்படிக் குறைக்க வேண்டும் என்று பேசிக் கல்லில் வெட்டிவைத்தார்கள். அரசன் குடிகளுக்குத் தானம் கொடுத்ததைச் சொல்லும் கல்வெட்டுகள் நாட்டில் ஆயிரம் உண்டு. குடிகளோடு உட்கார்ந்து கணக்குப் பேசியதைச் சொல்லுகிறவை குறைவு. 'மனோன்மணீயம்' எழுதிய கையே இதன் அருமையையும் எடுத்துச் சொன்னது. திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் அவர் நடத்தியதோ தத்துவப் பாடம். கல்வெட்டு வாசி என்று யாரும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை.

தக்கலை பஸ் நிலையத்தில் வந்து இறங்கும் வெளியூர்க்காரர் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போவார். இன்னும் கொஞ்சம் விவரம் தெரிந்தவர் உதயகிரிக் கோட்டையில் டச்சுக்காரர் டிலனாயின் கல்லறையைப் பார்க்கப் போவார். மணலிக்கரைக்கு வழி கேட்டு நின்றவரை நான் பார்த்ததில்லை. இத்தனைக்கும் அந்தச் சின்ன ஊர் இந்தத் தொடருக்கு இரண்டு முறை தேவைப்படுகிறது. ஒரு முறை கல்லுக்காக. இன்னொரு முறை, அதே ஊரில் ஒரு மடத்துக்குள் கிடந்த ஓர் ஓலைக்கட்டுக்காக.

சுந்தரம் பிள்ளை 1897இல், நாற்பத்திரண்டாம் வயதில் போய்விட்டார். அந்தக் கட்டு அதற்குப் பிறகும் பன்னிரண்டு வருஷம் காத்திருந்தது.

*

1909. திருவிதாங்கூர் அரசு ஏட்டுச்சுவடிகளைத் தேடிப் பதிப்பிக்க ஒரு துறையைத் தொடங்கியிருந்த நேரம். அதன் பொறுப்பில் இருந்தவர் த. கணபதி சாஸ்திரி. பெயருக்கு முன்னால் நிற்கும் 'த' தருவையைக் குறிக்கும். திருநெல்வேலிப் பக்கத்து ஊர். 1860இல் பிறந்தவர், சமஸ்கிருதத்தில் ஊறியவர். ஏடு இருக்கிறது என்று யாராவது சொன்னால் போதும், கிளம்பிவிடுவார்.

ஏடு தேடுகிறவனின் பாடு உ.வே. சாமிநாதையரைப் படித்தவர்களுக்குத் தெரியும். கேட்டால் முதலில் இல்லை என்பார்கள். பிறகு இருந்தது, ஆற்றில் விட்டுவிட்டோம் என்பார்கள். கடைசியில் பரணில் ஏறிப் பார்த்தால் பாதியைச் செல்லரித்திருக்கும். சாஸ்திரி பத்மநாபபுரத்துக்குப் பக்கத்தில் மணலிக்கரை மடத்துக்கு வந்தபோது கிடைத்தது மலையாள லிபியில் எழுதிய ஒரு கட்டு. மொத்தம் 105 ஓலை. சில நூற்றாண்டுப் பழக்கம் உள்ள எழுத்து. பிரித்து வாசித்தால் நாடகம். ஒன்று முடிய இன்னொன்று, அதற்குப் பின்னும் இன்னொன்று. பத்து நாடகங்கள் முழுதாக இருந்தன; பதினொன்றாவது பாதியில் நின்றது.

எழுதியவர் பெயர் எங்கும் இல்லை.

இதை அசட்டை செய்வதற்கில்லை. சமஸ்கிருத நாடகம் என்றால் சூத்திரதாரன் மேடைக்கு வந்து, இன்ன கவி எழுதிய இன்ன நாடகத்தை ஆடப்போகிறோம் என்று சொல்லுவான். காளிதாசனுக்கும் அந்தச் சடங்கு உண்டு. இந்தக் கட்டில் இருந்த நாடகங்களில் சூத்திரதாரன் வருகிறான், இரண்டு வார்த்தை பேசுகிறான், திரைக்குள்ளிருந்து சத்தம் கேட்கிறது என்கிறான், போய்விடுகிறான். கவி யார் என்று வாய் திறப்பதில்லை. மற்ற நாடகங்கள் 'பிரஸ்தாவனை' என்று சொல்லும் முன்னுரையை இவை 'ஸ்தாபனை' என்று சொல்லின. பதினொன்றும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தன.

பதினொன்றில் ஒன்றின் பொருள்தான் சாஸ்திரியைத் தூங்கவிட்டிருக்காது. வத்ஸ நாட்டு அரசன் உதயணன், நெருப்பில் இறந்துபோனதாக அவன் நம்பும் வாசவதத்தை, அவளை அவன் கனவில் காண்பது. அந்தக் கதைக்கு ஒரு பெயர் வடமொழி உலகத்தில் ஆயிரம் வருஷமாகப் புழங்கிக்கொண்டிருந்தது: ஸ்வப்ன வாசவதத்தம். ராஜசேகரன் என்ற பழைய புலவர், பாஸன் என்ற கவியின் நாடகங்களையெல்லாம் சோதனைக்காக நெருப்பில் போட்டதாகவும், இது ஒன்று மட்டும் வேகாமல் தப்பியதாகவும் சொல்லிவைத்திருந்தார். காளிதாசனே தன் முதல் நாடகத்தில், பாஸன் போன்ற பழைய பெயர்கள் இருக்கும்போது புதியவனான என் நாடகத்தை ஏன் பார்க்க வேண்டும் என்று ஒரு பாத்திரத்தைக் கேட்கவைத்தான். பெயர் எல்லாருக்கும் தெரியும். நாடகத்தைக் கண்டவர் ஆராய்ச்சி உலகத்தில் ஒருவர்கூட இல்லை. பாஸன் தொலைந்துபோனவன் என்று கணக்கு எழுதி மூடியாயிற்று.

அந்தத் தொலைந்தவன் தக்கலைக்குப் பக்கத்தில் கிடந்தானா?

சாஸ்திரி அவசரப்படவில்லை. மேலும் தேடினார். கடுத்துருத்திப் பக்கம் இன்னும் இரண்டு கிடைத்தன. ஆக 13 நாடகங்கள். 1912இல் திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல்வரிசையில் அச்சாகத் தொடங்கின. இவை பாஸனுடையவை என்று முன்னுரையில் தெளிவாகவே எழுதினார். உலகத்தின் பல மூலைகளில் இருந்த சமஸ்கிருதப் பண்டிதர்கள் நாற்காலியிலிருந்து எழுந்தார்கள். எழுந்தவர்களில் பாதிப் பேர் பாராட்ட எழுந்தவர்கள். மீதிப் பேர் மறுக்க எழுந்தவர்கள். கேரளத்தில் கூத்தாடும் சாக்கியார்கள் மேடைக்கு ஏற்றபடி பழைய நாடகங்களை வெட்டி ஒட்டியவைதான் இவை, பாஸன் பெயரை ஒட்டவைப்பது சாஸ்திரியின் ஆசை என்றார்கள் மறுத்தவர்கள். சாக்கியார்களோ இந்த விவாதம் எதுவும் அறியாமல் அந்த நாடகங்களின் அங்கங்களைக் கூடியாட்டமாக ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆராய்ச்சி உலகம் தொலைந்ததென்று சொன்னதை அவர்கள் தொலைக்கவே இல்லை. வழக்கு இன்றைக்கும் முழுதாகத் தீரவில்லை.

என் மனம் சாஸ்திரி பக்கம்தான் சாய்கிறது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அது தக்கலைப் பக்கத்துப் பாசம் என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன்.

*

இந்த இடத்தில் கொஞ்சம் கதையை விட்டு விலகித் தர்காவுக்குப் போய் வரவேண்டும்.

தக்கலையில் அடங்கியிருக்கும் பீர்முகம்மது அப்பா, தறி நெய்த ஞானி. தென்காசியிலிருந்து வந்தவர். அவருடைய 'ஞானப்புகழ்ச்சி'யை ரஜபு மாதத்தில் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து கூட்டமாகப் பாடி முடிப்பது இந்த ஊர் வழக்கம். பாடுகிறவர்களில் கடை வைத்திருப்பவர் உண்டு, ஆட்டோ ஓட்டுகிறவர் உண்டு. தமிழ் எம்.ஏ. படித்தவர்தான் பாட வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. தலைமுறை தலைமுறையாக நூல் வாயிலிருந்து வாய்க்கு வந்துவிட்டது.

ஒரே வட்டாரத்தில் நூல் பிழைத்த விதம் இரண்டு. ஒன்று யாரும் பிரிக்காத கட்டாகக் கிடந்து பிழைத்தது. இன்னொன்று எல்லாரும் பாடிப் பிழைத்தது. முதல் வகைக்குத் தேடி வர ஒரு சாஸ்திரியும், வைக்க ஒரு கட்டடமும், சம்பளம் கொடுக்க ஓர் அரசும் வேண்டும். இரண்டாம் வகைக்கு ஒரு ராத்திரியும் கொஞ்சம் தொண்டையும் போதும். பல்கலைக்கழகம் ஓர் ஊரின் இலக்கியத்துக்கு என்ன செய்யும் என்று பேசும்போது, அது இல்லாமலும் நடக்கிற காரியங்களை முதலில் கழித்துவிட்டுக் கணக்குப் போடுவது நல்லது. இனி மீதிக் கணக்குக்கு வருவோம்.

*

பத்மநாபபுரத்தில் இருந்த தலைநகர் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் திருவனந்தபுரத்துக்குப் போனது. அரசன் போன வழியிலேயே பிறகு ஏடுகளும் போயின. ஏடுகள் போன வழியிலேயே பிள்ளைகள் படிக்கப் போனார்கள். ஐம்பது சொச்சம் கிலோமீட்டர். களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம். கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் காலேஜ் ஆசை வந்த தமிழ்ப் பையனுக்குச் சென்னை எங்கோ இருந்தது, திருவனந்தபுரம் பக்கத்தில் இருந்தது.

அந்தத் திருவனந்தபுரத்தில் 1937ஆம் வருஷம் நவம்பர் 1ஆம் தேதி திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் பிறந்தது. அதுவரை அங்கிருந்த கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. மகாராஜா சித்திரைத் திருநாள் வேந்தர், திவான் சி.பி. ராமசாமி ஐயர் முதல் துணைவேந்தர். அந்தத் தேதியை வாசகர்கள் ஞாபகத்தில் முடிந்துவைத்துக்கொள்ள வேண்டும். நவம்பர் 1 இந்தக் கதைக்குள் இன்னொரு முறை வரும், இந்த அளவு மங்கலமாக அல்ல.

கணபதி சாஸ்திரி 1926இல் காலமாகிவிட்டார். அவர் துறை சேர்த்த ஏடுகள் பிற்பாடு பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தன. இன்று காரியவட்டத்தில் இருக்கும் அந்தச் சுவடி நூலகத்தில் 60,000க்கும் மேற்பட்ட நூல்கள் ஓலையில் இருக்கின்றன. வெறும் காப்பறையாக அது நின்றுவிடவும் இல்லை. அச்சாகி வெளிவந்த பாஸனைப் பின்னாளில் காவாலம் நாராயண பணிக்கர் கையில் எடுத்தார். மணலிக்கரைக் கட்டில் இருந்த கர்ணனும் துரியோதனனும் திருவனந்தபுரத்து மேடையில் ஏறினார்கள். ஏடு தேடினவன், அச்சிட்டவன், காத்தவன், ஆடினவன் என்று ஒரு சங்கிலி. நடுவில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் கடைசி ஆள் இல்லை.

சரி, தமிழ்?

பல்கலைக்கழகம் இருந்தது மலையாள நாட்டின் தலைநகரில். தமிழுக்கு அங்கே இருக்கை வேண்டுமென்றால் யாராவது பணம் போட வேண்டும். போட்டவர் கோட்டையூர் அழகப்பச் செட்டியார். மணலிக்கரையில் கட்டு அவிழ்ந்த அதே 1909இல் பிறந்தவர். கேரளத்தில் மில் நடத்திச் சம்பாதித்தவர், 1940களில் ஒரு லட்சம் ரூபாயைத் தமிழ்த்துறைக்கென்று எடுத்துவைத்தார். இன்றைக்கு ஒரு லட்சம் ஒரு நல்ல மோட்டார் சைக்கிளுக்கே பற்றாது. அன்றைக்கு அது ஒரு துறையை நிற்கவைத்தது.

அந்த இருக்கைக்கு 1951இல் வந்து உட்கார்ந்தவரை நினைத்தால் எனக்கு இன்றும் கொஞ்சம் பயம். ச. வையாபுரிப் பிள்ளை. தமிழ்ப் பேரகராதியை முடித்துக் கொடுத்தவர், சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையில் பத்தாண்டு தலைமை வகித்தவர். தமிழர்கள் ஆசையோடு பின்னுக்குத் தள்ளிவைத்திருந்த நூல்களின் காலத்தை ஈவிரக்கம் இல்லாமல் முன்னுக்கு இழுத்தவர். அதற்காக வாங்கிய வசவுகளுக்கு அளவில்லை. திருவனந்தபுரம் அவருக்குப் புதிதல்ல. வாலிபத்தில் அங்கே வக்கீலாக இருந்திருக்கிறார்; கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையோடு பழகியது அந்தக் காலம். கவிமணி அப்போது அங்கே பெண்கள் கல்லூரியில் தமிழ் நடத்திக்கொண்டிருந்தார். நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழியைக் கேலி செய்த அவருடைய மான்மியம் 'தமிழன்' என்ற பத்திரிகையில் வந்ததும் திருவனந்தபுரத்திலிருந்துதான். வக்கீல் வையாபுரிப் பிள்ளை 1922இல் சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயத்தைப் பதிப்பித்தார். கோர்ட்டுக்கும் கல்லூரிக்கும் பத்திரிகைக்கும் நடுவில் தமிழ் அங்கே இப்படித்தான் நடமாடிக்கொண்டிருந்தது. பல்கலைக்கழகம் அந்த நடமாட்டத்துக்கு ஒரு நாற்காலி போட்டது.

நாற்காலி ஸ்திரமாக நிற்கும் முன் தரை ஆடத் தொடங்கியது.

*

1954, ஆகஸ்ட் 11. தெற்குத் தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று நடந்த போராட்டத்தில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. செத்தவர்கள் நம் ஊர்க்காரர்கள். அந்த நாட்களைப் பற்றி இதே தொடரின் நான்காம் பகுதியில் விரிவாக எழுதிவிட்டதால் திரும்பச் சொல்லவில்லை. வையாபுரிப் பிள்ளை திருவனந்தபுரத்துப் பணியை விட்டதும் அதே 1954. ஒன்றுக்கு ஒன்று காரணம் என்று முடிச்சுப் போடமாட்டேன். அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. 1956 பிப்ரவரியில் அவர் காலமானார்.

அந்த வருஷம் நவம்பர் 1. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை ராஜ்யத்துக்கு வந்தன. பல்கலைக்கழகத்துக்குப் பத்தொன்பதாம் பிறந்தநாள். அதே நாளில் அதன் தமிழ்ப் பிள்ளைகளில் பெரும்பகுதி பக்கத்து மாநிலத்தார் ஆனார்கள். அடுத்த வருஷம் அதன் பெயரும் கேரளப் பல்கலைக்கழகம் என்று மாறியது. பத்மநாபபுரம் அரண்மனை நிலம் தமிழ்நாட்டில், நிர்வாகம் கேரளத்திடம் என்று ஆனது எல்லாருக்கும் தெரியும். மணலிக்கரை ஏட்டுக்கு அதன் நேர்மாறு நடந்தது. ஊர் இங்கே, பேர் அங்கே.

நம் மாவட்டக் கல்லூரிகள் அதன்பின் சென்னைப் பல்கலைக்கழகத்தைப் பார்த்தன, பிறகு மதுரையைப் பார்த்தன, 1990இல் திருநெல்வேலியில் ஒரு பல்கலைக்கழகம் வந்தது. அதற்குச் சூட்டிய பெயர் மனோன்மணியம் சுந்தரனார். மணலிக்கரைக் கல்லை எடுத்துச் சொன்ன பேராசிரியர் அந்த வழியாகத் திரும்பி வந்துவிட்டார். ஆனால் அது முப்பத்து நான்கு வருஷம் கழித்து. 1956இல் நின்று பார்த்தால் திருவனந்தபுரத்துத் தமிழ்த்துறையின் கதை முடிந்த மாதிரிதான் தெரிந்திருக்கும்.

முடியவில்லை. எல்லைக்கல் நட்டபிறகுதான் அங்கே உண்மையான ஆட்டம் சூடு பிடித்தது.

வடசேரிக்காரர் வ.அய். சுப்பிரமணியம் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்துத் திரும்பித் தமிழ்த்துறையை எடுத்து நடத்தினார். புறநானூற்றுக்குச் சொல்லடைவு வந்தது, பிறகு மொழியியலுக்கென்று தனித் துறையே வந்தது. 1981இல் தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது முதல் துணைவேந்தராகப் போனவரும் அவரே. நகரத்திலோ வேறொரு கூட்டம். மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டு நகுலன். சாலைக் கடைத்தெருவில் வியாபாரம் பார்த்துக்கொண்டு ஆ. மாதவன். மின்வாரிய வேலையில் இருந்துகொண்டு நீல. பத்மநாபன், 1968இல் வந்த அவருடைய 'தலைமுறைகள்' நம் இரணியலின் கதை. 'தமிழ் அங்கே வாழுமா' என்று நாகர்கோவிலில் கவலைப்பட்டுக்கொண்டிருந்த அதே வருஷங்களில் அங்கே நாவல் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

யூனிவர்சிட்டி காலேஜ் தமிழ் வகுப்பில் ஒரு பேராசிரியர் கம்பனை நடத்துவார். மாணவர்கள் பின்னாளில் சொல்லிச் சொல்லி மாயும்படி நடத்துவார். கம்பனை நடத்திய அதே வாயால் புதுமைப்பித்தனையும் பேசுவார். ஐம்பது அறுபதுகளில் தமிழ்த்துறை என்றால் பாரதியோடு கதவைச் சாத்திக்கொள்ளும் காலம். சிறுகதை என்பது ரயிலில் படிக்கிற சாமான். அவரிடம் படித்தவர்தான் வேதசகாயகுமார். புதுமைப்பித்தன் கதைகளின் பாடத்தையும் காலத்தையும் ஒழுங்குபடுத்துவதில் அவர் ஆயுளைச் செலவிட்டார் என்றால் அந்த வித்து விழுந்த இடம் இந்த வகுப்பறை.

அந்தப் பேராசிரியர் சி. ஜேசுதாசன். ஓய்வுக்குப் பிறகு அவர் வந்து தங்கியது தக்கலைக்குப் பக்கத்தில், புலிப்புனத்தில்.

அவர் மனைவி ஹெப்சிபா. சிறுவயது பர்மாவில் கழிந்தது. யுத்தம் துரத்தக் குடும்பம் ஊர் திரும்பியது. கவிமணி தமிழ் நடத்திய அந்தப் பெண்கள் கல்லூரியில் பிற்காலத்தில் இவர் ஆங்கிலம் நடத்தினார். 1961இல் கணவனும் மனைவியும் சேர்ந்து ஆங்கிலத்தில் தமிழ் இலக்கிய வரலாறு ஒன்றை வெளியிட்டார்கள். இரண்டாயிரம் வருஷத்தைத் திரும்பிப் பார்த்து ஒரு புத்தகத்துக்குள் வைத்த வேலை.

அப்படித் திரும்பிப் பார்த்தபோது கண்ணில் படாத ஒன்று இருந்தது. மணலிக்கரைக் கட்டில் 105 ஓலை. காரியவட்டத்தில் இருப்பவை லட்சக்கணக்கில். எழுதியவன் பெயர் சிலவற்றில் உண்டு, எழுதுவித்தவன் பெயர் சிலவற்றில் உண்டு. மரத்தில் ஏறி ஓலை வெட்டிப் போட்டவன் பெயர் ஒன்றிலாவது இருக்குமா? கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் விடியும் முன்பு ஏறி, பாளை சீவி, அக்கானி இறக்கி, பொழுது சாயும்போது மறுபடியும் ஏறுகிறவன் அந்த இரண்டாயிரம் வருஷத்தில் கதையின் நாயகனாக எங்கே வந்தான்? அக்கானியைக் காய்ச்சிக் கருப்பட்டி வார்த்தவள் எங்கே பேசினாள்? பேசினால் எந்தத் தமிழில் பேசுவாள்?

நீ எழுது என்றார் ஜேசுதாசன்.

ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து மாதச் சம்பளம் வாங்குகிற பெண். அதுவரை நாவல் எழுதிப் பழக்கம் இல்லை. வீட்டிலேயே இருக்கும் முதல் வாசகரோ, கம்பனையும் புதுமைப்பித்தனையும் அளந்த கோலைக் கையில் வைத்திருக்கிறவர். எழுத வேண்டியதோ அச்சுக்கே போகாத பேச்சு. சென்னையில் ஒரு பதிப்பாளர் இதைத் தமிழ் என்று ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஹெப்சிபா பேனாவை எடுத்தார். பனைவிளை என்று ஓர் ஊர். அங்கே பழம்பெருமை மட்டும் மிச்சமாகி நிற்கும் ஒரு வீடு. திண்ணையில் ஒரு கிழவர். உள்ளே ஒரு பெண்; பள்ளிக்கூடம் நிறுத்தியாயிற்று, இனி வாசல் தாண்டக் கூடாது. வெளியே ஒரு பனையேற்றுக்காரனின் மகன் மரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறான். அவனுடைய கால் இன்னும் தரையில் படவில்லை.

அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்புகிறாள்.

(தொடரும்)